சின்ன லேப்டாப்பில் லினக்ஸ்: வைஃபை வராவிட்டால் எங்கிருந்து தொடங்குவது

பழைய பத்து, பதினோரு அங்குல லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுவிட்டு என் கடைப் பக்கம் வருகிறவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "எல்லாம் நல்லா ஓடுதுண்ணே, வைஃபை மட்டும் காட்ட மாட்டேங்குது." திரை வரும், சத்தம் வரும், டச்பேட் வேலை செய்யும், நெட்வொர்க் கார்டு மட்டும் முரண்டு பிடிக்கும். சின்ன மெஷின்களில் இது சகஜம். விலையைக் குறைக்க மலிவான சிப்பைப் போட்டிருப்பார்கள். ஒரே மாடல் பெயரில் வெவ்வேறு கம்பெனி சிப்போடு வந்தவையும் உண்டு. அதனால் லேப்டாப்பின் பெயரைக் கூகுளில் தேடி, யாரோ ஒருவர் "எனக்கு வேலை செய்தது" என்று எழுதியதை நம்பி இறங்காதீர்கள். அவர் பெட்டிக்குள் இருந்தது வேறு சிப்பாக இருக்கலாம்.

நான் எந்த வரிசையில் பார்ப்பேனோ அந்த வரிசையிலேயே சொல்கிறேன். கட்டளைகளைச் சில இடத்தில் எழுத்தெழுத்தாக, சில இடத்தில் சொல்லாக, உச்சரிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் ஜன்னலில், தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில், இடைவெளி உட்பட அப்படியே தட்டுங்கள்.

முதலில் போன் கேபிள்

வைஃபையைச் சரிசெய்ய நெட் வேண்டும், நெட் வர வைஃபை வேண்டும் என்ற முட்டுச்சந்தில்தான் பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள். ஆண்ட்ராய்டு போனை டேட்டா கேபிளால் லேப்டாப்பில் செருகி, போனின் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பகுதிக்குப் போய் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். லினக்ஸ் கெர்னலில், அதாவது அதன் மையப் பகுதியில், இதற்கான டிரைவர் ஏற்கெனவே இருக்கிறது, எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. சில நொடியில் வயர்டு கனெக்‌ஷன் என்று மேலே காட்டும். போன் வீட்டு வைஃபையில் இணைந்திருந்தால் பெரும்பாலான போன்களில் அந்த நெட்டே கேபிள் வழியாக லேப்டாப்புக்குப் போகும், மொபைல் டேட்டா செலவாகாது. சார்ஜ் மட்டும் ஏறுகிற மலிவு கேபிள் இதற்கு உதவாது. என் மேசையில் நல்ல கேபிள் ஒன்றை யாருக்கும் கடன் தராமல் வைத்திருக்கிறேன்.

லேன் போர்ட் உள்ள மெஷின் என்றால் இன்னும் சுலபம். சின்ன லேப்டாப்களில் வந்த ரியல்டெக், ஏதெராஸ் ஈதர்நெட் சிப்கள் எல்லாமே அநேகமாகத் தானாக வரும். வயர் பக்கம் தலைவலி அபூர்வம், அதைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

இன்ஸ்டால் செய்வதற்கு முன்பே லைவ் பென்டிரைவில் பூட் செய்து வைஃபை வருகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. இன்னொரு விஷயம்: ஆட்டம் என்270 போன்ற ப்ராசஸர் உள்ள 2008, 2009 காலத்து நெட்புக்குகள் 32 பிட் மட்டும். டெபியன் என்ற லினக்ஸ் வகையில் 2025-இல் வந்த 13-ஆம் பதிப்பில் 32 பிட் இன்ஸ்டாலர் கிடையாது. அவற்றுக்கு டெபியன் 12 போடுங்கள், 2028 ஜூன் வரை பாதுகாப்பு அப்டேட் வரும்.

எண்ணைப் பாருங்கள்

டெர்மினலில் 'எல்எஸ்பிசிஐ -என்என்கே' என்று தட்டுங்கள். நீளமாக ஒரு பட்டியல் ஓடும். அதில் நெட்வொர்க் கன்ட்ரோலர் என்று தொடங்கும் வரியின் கடைசியில் சதுர அடைப்புக்குள் நான்கு இலக்கம், முக்காற்புள்ளி, இன்னொரு நான்கு இலக்கம் இருக்கும். 14இ4:4365, 168சி:002பி என்கிற மாதிரி. முதல் பாதி கம்பெனி, இரண்டாம் பாதி சிப். 8086 என்றால் இன்டெல், 168சி ஏதெராஸ், 10இசி ரியல்டெக், 14இ4 பிராட்காம், 14சி3 மீடியாடெக், 1814 ராலிங்க். இதைத்தான் கூகுளில் தேட வேண்டும். ஸ்டிக்கரில் இருக்கும் பெயர் எதற்கும் ஆகாது.

அந்த வரிக்குக் கீழேயே எந்த டிரைவர் பயன்பாட்டில் இருக்கிறது என்றும் காட்டும். டிரைவர் வரி இருக்கிறது, ஆனால் வைஃபை இல்லை என்றால் ஃபர்ம்வேரையோ ஸ்விட்சையோ சந்தேகப்படுங்கள், இரண்டையும் கீழே சொல்கிறேன். டிரைவர் வரியே இல்லை என்றால் கெர்னல் பழசு, அல்லது அந்தச் சிப்புக்குக் கெர்னலில் டிரைவரே இல்லை.

பட்டியலில் வைஃபை கார்டே இல்லையா? 'எல்எஸ்யுஎஸ்பி' தட்டிப் பாருங்கள், உள்ளேயே யுஎஸ்பி வழியாக இணைத்திருப்பார்கள். அதிலும் இல்லையென்றால் பதறாதீர்கள். இன்டெல் பே டிரெயில், செர்ரி டிரெயில் ஆட்டம் ப்ராசஸரோடு வந்த, 32 ஜிபி இஎம்எம்சி ஸ்டோரேஜ் உள்ள குட்டி மெஷின்களில் பலவற்றில் வைஃபை எஸ்டிஐஓ என்ற வழியில் உட்கார்ந்திருக்கும். மெமரி கார்டு ஓடுகிற அதே ரகப் பாதை. அது இந்த இரண்டு பட்டியலிலும் வராது. கார்டே செத்துவிட்டது என்று சொல்லிக் காசு வாங்கின கடைக்காரர்களையும் பார்த்திருக்கிறேன். அங்கே பெரும்பாலும் இருப்பது ரியல்டெக் 8723பிஎஸ். 2017-இல் வந்த 4.12 கெர்னலில் இருந்து அதற்கு டிரைவர் உண்டு, ரியல்டெக் ஃபர்ம்வேர் பேக்கேஜ் மட்டும் போட்டால் போதும்.

கெர்னல் என்ன சொல்கிறது

அடுத்தது 'சூடோ டிமெசேஜ்'. சூடோ என்றால் அட்மின் அதிகாரத்தோடு ஓட்டு என்று அர்த்தம். தட்டுவது டிஎம்இஎஸ்ஜி என்ற ஐந்து எழுத்து. ஓடி முடிந்ததும் அதில் ஃபர்ம்வேர் என்ற சொல்லைத் தேடுங்கள். டிரைவர் வேறு, ஃபர்ம்வேர் வேறு. டிரைவர் கெர்னலோடு சேர்ந்து ப்ராசஸரில் ஓடுவது. ஃபர்ம்வேர் என்பது கார்டுக்குள் இருக்கும் குட்டி ப்ராசஸருக்காகக் கம்பெனி எழுதித் தரும் ஃபைல், டிரைவர் அதை ஒவ்வொரு முறையும் கார்டில் ஏற்ற வேண்டும். அந்த ஃபைல் டிஸ்கில் இல்லையென்றால் 'ஃபெயில்ட் வித் எரர் -2' என்று முடியும் ஒரு வரி வரும். மைனஸ் இரண்டுக்கு அர்த்தம் ஃபைல் இல்லை என்பதுதான், கார்டு கெட்டுவிட்டது என்பதல்ல. எந்த ஃபைல் வேண்டும் என்று அந்த வரியிலேயே பெயர் இருக்கும்.

இன்டெல் கார்டில் ஒரு ஏமாற்று உண்டு. டிரைவர் புதிய வெர்ஷன் ஃபர்ம்வேரில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கீழே இறங்கித் தேடும். அதனால் மைனஸ் இரண்டு வரிகள் வரிசையாக வந்து, கடைசியில் ஒன்று ஏறிவிடும். 'யோயோ' என்ற பெயரோடு ஒரு ஃபைல் இல்லை என்று வருகிற வரியும் அப்படித்தான், அது டிபக்குக்கானது, விட்டுவிடுங்கள். ஒன்றுமே ஏறவில்லை என்றால்தான் கவலை.

டெபியனில் பழைய இன்ஸ்டாலரைப் பயன்படுத்தியவர்களுக்கு இந்த அவஸ்தை நன்றாகத் தெரியும். கம்பெனி ஃபர்ம்வேர் சுதந்திர மென்பொருள் அல்ல என்பதால் அதிகாரபூர்வ இன்ஸ்டாலரில் அதைச் சேர்க்காமல் இருந்தார்கள். 2022-இல் அவர்களுக்குள் வாக்கெடுப்பு நடத்தி அதை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் ஃபர்ம்வேர் இன்ஸ்டாலருக்குள்ளேயே இருக்கிறது. பழைய பென்டிரைவில் டெபியன் 11 வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறவர்கள் முதலில் புதியதை இறக்குங்கள், பாதிப் பிரச்சினை அத்தோடு போய்விடும். ஏற்கெனவே இன்ஸ்டால் செய்தாகிவிட்டது என்றால் ஏபிடி மூலங்களில் (பேக்கேஜ்களை எங்கிருந்து இறக்குவது என்ற பட்டியல்) நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் பகுதியைச் சேர்த்து, இன்டெலுக்கு 'ஃபர்ம்வேர்-ஐடபிள்யூஎல்வைஃபை', ரியல்டெக்குக்கு 'ஃபர்ம்வேர்-ரியல்டெக்' பேக்கேஜைப் போடுங்கள்.

இதையெல்லாம் பார்க்கும்போது 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' என்பதையும் ஒருமுறை தட்டிவிடுங்கள். சாஃப்ட் பிளாக்ட் யெஸ் என்றிருந்தால் 'சூடோ ஆர்எஃப்கில் அன்பிளாக் ஆல்' போதும். ஹார்டு பிளாக்ட் யெஸ் என்றால் எந்தக் கட்டளையும் பலிக்காது. பக்கவாட்டிலோ முன்பக்க விளிம்பிலோ ஒரு குட்டித் தள்ளு ஸ்விட்ச் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். ஃபங்ஷன் கீயோடு ஆன்டெனா படம் போட்ட விசையையும் அழுத்திப் பாருங்கள்.

எந்தச் சிப் எப்படி

ஏதெராஸ் வந்தால் எனக்குச் சந்தோஷம். ஏஆர்9285, ஏஆர்9485 போன்றவை நெட்புக்குகளில் தாராளமாக வந்தன. ஏடிஹெச்9கே டிரைவர் கெர்னலில் இருக்கிறது, பிசிஐ கார்டுகளுக்குத் தனி ஃபர்ம்வேர் ஃபைலே தேவையில்லை. முன்பு இப்படி இல்லை. 2007-இல் வந்த ஆசுஸ் ஈ பிசி 701-இல் இருந்ததும் ஏதெராஸ்தான், அப்போது அதற்கு மேட்வைஃபை என்ற டிரைவர், அதன் நடுவில் ஹால் என்ற மூடிய, அதாவது மூலக் கோடு தராத, பைனரி. ஓபன்பிஎஸ்டி என்ற வேறொரு இயங்குதளத்துக்காரர் ரைக் ஃப்ளோட்டர் அந்த ஹாலை அலசி ஆராய்ந்து திறந்த ஒன்றை எழுதினார். லினக்ஸின் ஏடிஹெச்5கே அந்த வேலையின் மேல் எழுந்தது, 2008-இல் 2.6.25 கெர்னலில் சேர்ந்தது. அதே ஆண்டு கம்பெனியே ஏடிஹெச்9கே-வை வெளியிட்டது. இன்றைக்கு எந்தப் பழைய ஏதெராஸ் கார்டைச் செருகினாலும் பேசாமல் வேலை செய்கிறதென்றால் இதுதான் பின்னணி.

இன்டெலும் தொந்தரவில்லை, ஃபர்ம்வேர் ஃபைல் இருந்தால் சரி. மீடியாடெக் எம்டி7921 புதிய சின்ன லேப்டாப்களில் வருகிறது, 5.12 அல்லது அதற்கு மேற்பட்ட கெர்னல் வேண்டும்.

ரியல்டெக்கில் கெர்னல் வெர்ஷன்தான் முக்கியம். 8821சிஇ-க்கு 5.9 கெர்னல், 8852பிஇ-க்கு 6.2. இவற்றுக்கு டிரைவர் இல்லாத காலத்தில் கிட்ஹப்பில் இருந்து இறக்கிக் கம்பைல் செய்யச் சொல்லும் பழைய வழிகாட்டிகள் இன்னும் தேடலில் முதலில் வருகின்றன. புதிய கெர்னல் இருக்கும்போது அதையெல்லாம் செய்யாதீர்கள், இரண்டு டிரைவர் மோதிக்கொண்டு இருந்ததும் போகும்.

8723பிஇ-யைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் டியூஷன் எடுக்கும் அக்கா ஒருவர் பதினோரு அங்குல லேப்டாப்பைக் கொண்டுவந்தார். "தம்பி, ரௌட்டர் பக்கத்துல வச்சா வருது. அடுத்த ரூமுக்குப் போனா செத்துப்போகுது. ரௌட்டரை மாத்தணுமா?" டிரைவர் ஏறியிருந்தது, ஃபர்ம்வேர் இருந்தது, பிழை வரி ஒன்றுமில்லை. 'ஐடபிள்யூ டெவ்' என்று தட்டி இன்டர்ஃபேஸ் பெயரைப் பார்த்து, பிறகு 'ஐடபிள்யூ டெவ்', அந்தப் பெயர், 'லிங்க்' மூன்றையும் ஒரே வரியில் தட்டினால் சிக்னல் வரும். ரௌட்டரில் இருந்து நாலடி தூரத்தில் மைனஸ் எண்பதை ஒட்டி நின்றது. அந்தத் தூரத்தில் மைனஸ் நாற்பது, ஐம்பதுக்குள் இருக்க வேண்டும். கீழ் மூடியைக் கழற்றினால் காரணம் கண்ணெதிரே. கார்டில் ஆன்டெனா இணைக்கும் இரண்டு பொன்னிறக் குமிழ்கள், லேப்டாப் செய்தவர் கொடுத்திருந்தது ஒரே ஒரு கறுப்பு வயர். டிரைவர் கேட்டுக்கொண்டிருந்ததோ வயர் இல்லாத குமிழை.

இதற்கு மூடியைக்கூடக் கழற்ற வேண்டியதில்லை. 'சூடோ மாட்ப்ரோப் -ஆர் ஆர்டிஎல்8723பிஇ' என்று டிரைவரை இறக்குங்கள். பிறகு 'சூடோ மாட்ப்ரோப் ஆர்டிஎல்8723பிஇ ஏஎன்டி_எஸ்இஎல்=1' என்று ஏற்றிச் சிக்னலைப் பாருங்கள். தேறவில்லையா, மறுபடி இறக்கி 2 என்று போடுங்கள். இரண்டில் ஒன்றில் சட்டென்று ஏறும். அக்காவின் லேப்டாப்பில் 2 போட்டதும் மைனஸ் நாற்பத்தைந்தைத் தொட்டது. நிரந்தரமாக்க, ஈடிசி அடைவுக்குள் மாட்ப்ரோப்.டி அடைவில் '.கான்ஃப்' என்று முடியும் ஒரு ஃபைலை உருவாக்கி, 'ஆப்ஷன்ஸ் ஆர்டிஎல்8723பிஇ ஏஎன்டி_எஸ்இஎல்=2' என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். கனெக்‌ஷன் அவ்வப்போது அறுந்தால் அதே வரியில் 'ஐபிஎஸ்=0 எஃப்டபிள்யூஎல்பிஎஸ்=0' சேர்த்துக்கொள்ளுங்கள், மின்சேமிப்பை அது நிறுத்தும்.

பிராட்காம் வந்தால் எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் மூச்சே விடுவேன். 14இ4:4727 என்றால் பிசிஎம்4313. கம்பெனி 2010-இல் திறந்த டிரைவர் கொடுத்தது, கெர்னலிலேயே இருக்கிறது, ஃபர்ம்வேர் பேக்கேஜ் மட்டும் போடுங்கள். 14இ4:4315 என்றால் பிசிஎம்4312, நெட்புக் காலத்து அயிட்டம். பி43 டிரைவர் ஓட்டும். ஆனால் அதன் ஃபர்ம்வேரை மற்றவர்கள் விநியோகிக்க அனுமதி இல்லாததால், டெபியனில் கான்ட்ரிப் பகுதியில் இருக்கும் இன்ஸ்டாலர் பேக்கேஜ் நெட்டிலிருந்து இறக்கி, பிரித்தெடுத்து வைக்கும். போன் கேபிள் கட்டாயம்.

14இ4:4365, அதாவது பிசிஎம்43142, இருப்பதில் மோசம். இதற்குத் திறந்த டிரைவர் இல்லை. டபிள்யூஎல் என்ற மூடிய டிரைவர்தான் வழி, டெபியனில் 'பிராட்காம்-எஸ்டிஏ-டிகேஎம்எஸ்' என்ற பெயரில் நான்-ஃப்ரீ பகுதியில் கிடைக்கும். கம்பெனி கடைசியாக 2015-இல் வெளியிட்ட கோடு அது. அதன் பிறகு ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் டிஸ்ட்ரோகாரர்கள்தான், அதாவது டெபியன் போல லினக்ஸைத் தொகுத்துத் தருகிறவர்கள்தான், ஒட்டுப்போட்டு ஓட்டுகிறார்கள். கெர்னல் ஹெடர் பேக்கேஜ் இல்லாமல் இது கம்பைல் ஆகாது, அதையும் சேர்த்துப் போடுங்கள். செக்யூர் பூட் (கையொப்பமில்லாத கோடை ஓடவிடாத பாதுகாப்பு) ஆனில் இருந்தால் ஏற்றும்போது 'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்' என்று கெர்னல் கதவைச் சாத்தும். மோக்குடில் என்ற கருவி மூலம் கையொப்பச் சாவியைப் பதிவு செய்யுங்கள், இல்லையென்றால் பயாஸில் (லேப்டாப் ஆன் ஆனதும் முதலில் ஓடும் செட்டப்) செக்யூர் பூட்டை அணையுங்கள். கெர்னல் அப்டேட் வந்த மறுநாள் வைஃபை காணாமல் போனால், பூட் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய்விடலாம். அதனால் இந்தச் சிப் உள்ள மெஷினில் பழைய கெர்னலை அழிக்காதீர்கள்.

கார்டையே மாற்றுவது

43142 வந்தால் நான் டிரைவரோடு மல்லுக்கட்டுவதில்லை, கார்டை மாற்றிவிடுகிறேன். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில், கழற்றிய லேப்டாப் பார்ட்ஸ் விற்கும் கடைகளில் கேட்டால் பழைய ஏதெராஸ், இன்டெல் கார்டு சல்லிசாகக் கிடைக்கும். ஒரு வாரம் முழுக்க டெர்மினல் முன்னால் உட்காருவதைவிட இது உத்தமம். வாங்குமுன் மூன்று விஷயம் பாருங்கள்.

அளவு முதலில். பழைய மினி பிசிஐ எக்ஸ்பிரஸில் முழு நீளம், அரை நீளம் என்று இரண்டு உண்டு. புதியவற்றில் எம்.2. ஆன்டெனா குமிழும் எம்.2 கார்டில் இன்னும் பொடிசு, பழைய வயர் அதில் உட்காராது. அடுத்தது பயாஸ். சில கம்பெனி லேப்டாப்களில் அவர்கள் அங்கீகரித்த கார்டு எண்கள் மட்டும் பயாஸில் இருக்கும். வேறு கார்டைப் போட்டால் பூட் ஆகாமல் பிழைச் செய்தியோடு நின்றுவிடும். உங்கள் மாடலுக்கு அப்படி இருக்கிறதா என்று தேடிவிட்டு வாங்குங்கள். மூன்றாவது, இன்டெலில் ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 போன்றவை இன்டெலின் குறிப்பிட்ட ப்ராசஸர்களோடு மட்டும் வேலை செய்பவை. மற்ற மெஷினுக்கு ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 என்று கேட்டு வாங்குங்கள்.

மாற்றும்போது பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். ஆன்டெனா வயரைப் பிடித்து இழுக்காதீர்கள், குமிழின் விளிம்புக்கடியில் நகத்தை விட்டு நேர் மேலாகத் தூக்குங்கள். திரும்ப மாட்டும்போது நேராக வைத்து அழுத்தினால் ஒரு சின்ன 'டிக்' கேட்கும். சாய்த்து அழுத்தினால் நசுங்கிவிடும், அப்புறம் அந்த வயர் குப்பைக்குத்தான். புதுக் கார்டு போட்டும் ஹார்டு பிளாக்ட் என்றே காட்டினால், மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டின் 20-ஆம் பின்னை மட்டும் மெல்லிய இன்சுலேஷன் டேப்பால் மூடிப் பாருங்கள். ரேடியோவை அணைக்கும் சிக்னல் அந்தப் பின் வழியாகத்தான் வருகிறது.

பெட்டியைத் திறக்கவே பயமாக இருக்கிறவர்களுக்கு யுஎஸ்பி டாங்கிள். இங்கேயும் பெயரை நம்பாதீர்கள். டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் முதல் வெர்ஷனில் ஏதெராஸ் ஏஆர்9271 இருந்தது, அதன் ஃபர்ம்வேர்கூடத் திறந்தது. இரண்டாம் வெர்ஷனிலிருந்து உள்ளே ரியல்டெக், டப்பா அதே டப்பாதான். மலிவு டாங்கிள்களில் 148எஃப்:7601 என்ற எண்ணுள்ள எம்டி7601யு எனக்குப் பிடித்தது, 4.2 கெர்னலிலிருந்தே டிரைவர் உண்டு. செருகியதும் எல்எஸ்யுஎஸ்பியில் 0பிடிஏ:1ஏ2பி என்று காட்டி, டெஸ்க்டாப்பில் ஒரு சிடி டிரைவ் முளைத்தால் குழம்பாதீர்கள். விண்டோஸ் டிரைவரை உள்ளே வைத்துக்கொண்டு சிடி வேஷம் போடுகிற ரியல்டெக் டாங்கிள் அது. அந்தச் சிடியை இஜெக்ட் செய்யுங்கள், இல்லையென்றால் 'யுஎஸ்பி-மோட்ஸ்விட்ச்' பேக்கேஜைப் போடுங்கள். வேஷம் கலைந்து வைஃபையாக மாறும்.

லினக்ஸைத் தாண்டி பிஎஸ்டி பக்கம் போகிறவர்கள் கார்டைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். ஓபன்பிஎஸ்டியில் இன்டெல், பழைய ஏதெராஸ் நன்றாக ஓடும், ஃபர்ம்வேரை 'எஃப்டபிள்யூ_அப்டேட்' இறக்கிக்கொள்ளும், போன் டெதரிங் அங்கேயும் வேலை செய்யும். ஃப்ரீபிஎஸ்டியில் வைஃபைபாக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. உள்ளே ஒரு குட்டி லினக்ஸை மெய்நிகர் கணினியாக ஓட்டி, அதன் டிரைவரை வைத்தே வைஃபை வாங்கும். கேட்டதும் சிரித்தேன், ஆனால் வேலை செய்கிறது.

எல்லாம் சரி, மற்ற நெட்வொர்க் எல்லாம் தெரிகிறது, உங்கள் வீட்டு ரௌட்டர் மட்டும் பட்டியலில் இல்லை என்றால் அது டிரைவர் கோளாறு அல்ல. ரௌட்டர் தானாக 12 அல்லது 13-ஆம் சேனலுக்குப் போயிருக்கலாம். இந்தியாவில் அவை அனுமதிக்கப்பட்டவைதான், ஆனால் எந்த நாடு என்று தெரியாத கார்டு அந்தச் சேனல்களில் தானாகக் குரல் கொடுக்காது. 'சூடோ ஐடபிள்யூ ரெக் செட் ஐஎன்' என்று தட்டுங்கள், இதில் கடைசி ஐஎன் மட்டும் பெரிய எழுத்து. அதற்கும் மசியவில்லையென்றால் ரௌட்டரின் செட்டிங்ஸுக்குள் போய்ச் சேனலை 1, 6, 11-இல் ஒன்றாக நிறுத்திவிடுங்கள்.